ஐந்து துணி கேட்ட சுராயா

செங்கல்பட்டுக் கடைத்தெருவில் ஜவுளிக்கடை போட்ட நாளிலிருந்து நூர்முகமது பாய் கஃபன் துணி வெட்டிக்கொண்டிருந்தார். சுற்றுவட்டாரத்து முஸ்லிம் வீடுகளில் யாராவது மௌத்தாகிவிட்டால், உடம்பைச் சுற்றும் வெள்ளைத் துணிக்காக முதலில் ஓடிவருவது அவர் கடைக்குத்தான். வந்தவன் மூச்சு வாங்கி முடிப்பதற்குள் பாய் ஒரே ஒரு கேள்வி கேட்பார்: ஆம்பளையா, பொம்பளையா. ஆண் என்றால் மூன்று துணி. பெண் என்றால் தலைக்கொன்று மார்புக்கொன்று சேர்த்து ஐந்து. அந்தக் கேள்விக்கு இதுவரை யாரும் யோசித்துப் பதில் சொன்னது கிடையாது.

எழுபத்து நாலாம் வருஷம் புரட்டாசி மாதத்தில் ஒரு நாள், வியாபாரமில்லாத மத்தியான நேரம், சுராயா வந்து கடைப்படியில் நின்றாள். கக்கத்தில் குடை, இடுப்பில் சுருக்குப்பை, கழுத்தில் தையல்காரியின் அளவு நாடா. நாடாவைக் கழற்றி வைத்துவிட்டு வெளியூர் போகும் பழக்கம் அவளுக்கு இல்லை.

"கஃபனுக்குத் துணி வேணும் பாய்."

பாய் இறந்தவருக்கான துஆவை முறைப்படி முணுமுணுத்துவிட்டு மல் துணிக் கட்டை இறக்கினார். "யாருக்கு? ஆம்பளையா, பொம்பளையா?"

"எனக்குத்தான்."

கத்திரிக்கோலை எடுத்த கை அப்படியே நின்றது. பாய் அவளை மேலும் கீழும் பார்த்தார். சாவு வீட்டு ஆள் வருவான், அழுதுகொண்டு வருவான், கடன் சொல்லிக்கொண்டுகூட வருவான். சம்பந்தப்பட்ட ஆளே நேரில் வந்து நின்றது அவருடைய வியாபாரத்தில் இதுதான் முதல் தடவை.

"நல்லாத்தானே கீறே?"

"நல்லா கீறப்பவே வாங்கி வெச்சிடலாம்னுதான் வந்தேன். ஹஜ்ஜுக்குப் போறவங்கல்லாம் வாங்கி வெச்சுக்கலியா? எனக்கு முன்ன பின்ன யாரு கீறாங்க, ஓடியாந்து வாங்க? அஞ்சு துணியா வெட்டுங்க."

பாய் நல்ல மனிதர். நல்ல மனிதர்களுக்கு இப்படிப்பட்ட நேரத்தில் வியர்த்துவிடும். தோள் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் கல்லாப் பெட்டியைப் பார்த்தார். "மூணா வெட்டினா நீ வருத்தப்படுவே. அஞ்சா வெட்டினா உங்க ஊர் ஜமாஅத்து என்கிட்ட சண்டைக்கு வரும்," என்று இழுத்தார். பிறகு நியாயஸ்தர் தீர்ப்புச் சொல்வதுபோல் குரலைத் தாழ்த்தி, "நாலா வெட்டிடட்டுமா?" என்றார்.

"பாய், நான் கத்திரிக்கா பேரம் பேச வரல," என்றாள் சுராயா.

கடைசியில் அவர் துணியை வெட்டவே இல்லை. முழுசாக மடித்துக் காகிதத்தில் சுற்றி, "எடுத்துகினு போ. வெட்டறது அப்புறம் அவங்க பாடு," என்று கையில் கொடுத்துவிட்டார். எல்லாம் அதோடு முடிந்திருக்கும். ஆனால் லுங்கி வாங்க வந்திருந்த முனீர் கடையின் உள்பக்கம் நின்று ஒரு வார்த்தை விடாமல் கேட்டுக்கொண்டிருந்தான். அவனிடம் லாம்பரட்டா ஸ்கூட்டர் இருந்தது. சுராயா திருக்கழுக்குன்றம் வழியாக நெரிசல் பஸ்ஸில் ஊர் வந்து சேர்வதற்குள் செய்தி ஊரை மூன்று சுற்றுச் சுற்றிவிட்டது.

ஊர் என்றால் பெரிய ஊர் இல்லை. மாமல்லபுரத்துக்கு வடக்கே, கடலுக்கும் உப்பளத்துக்கும் நடுவே, ஒரு பள்ளிவாசல், ஒரு மாதா கோயில், சவுக்குத் தோப்பு, எல்லாருடைய விஷயமும் எல்லாருக்கும் தெரிந்த இரண்டு தெருக்கள். அங்கேதான் சுராயா பிறந்தாள். அத்தாவும் அம்மாவும் வைத்தது வேறு பெயர். அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவள் திரும்பிப் பார்க்கமாட்டாள். ஆகவே நாமும் அதைச் சொல்ல வேண்டியதில்லை.

பையன் பையனாக இல்லையே என்ற கவலையில் அத்தா அவளைத் திருவல்லிக்கேணியில் ஒரு தையற்கடையில் கொண்டுபோய் விட்டார், தொழில் கற்றால் சரியாகிவிடும் என்று. தொழில் கற்றாள். சரியாகவும் ஆனாள், அத்தா நினைத்த விதத்தில் அல்ல. அவர் காலமான பிறகு ஒரு தையல் மெஷினோடும் நைலெக்ஸ் புடவையோடும் ஊருக்குத் திரும்பிவந்தாள். வாசலில் நின்ற மகளை அம்மா வெகுநேரம் பார்த்தாள். "கொசுவத்த ஒழுங்கா வெச்சுக் கட்டக்கூடாதா? ஏறி எறங்கிகினு கீது," என்று சொல்லிவிட்டு உள்ளே போய் உலை வைத்தாள். அந்த வீட்டில் அதைப் பற்றிப் பேசியது அவ்வளவுதான்.

ஊர் அவ்வளவு சீக்கிரம் அடங்கவில்லை. ஆனால் ஊரில் பாதிப் பேர் பெண்கள், அவர்கள் எல்லாருக்கும் ஜாக்கெட் வேண்டும். அதுவரை கேளம்பாக்கத்து ஆண் டெய்லரிடம் பழைய ஜாக்கெட்டை மாதிரி கொடுத்து விடுவார்கள். அவர் தைத்து அனுப்புவது யாருடைய உடம்புக்கும் இருக்காது. இருந்தாலும் எந்தப் புருஷன் தன் மனைவியை டெய்லர் முன்னால் நிற்க வைப்பான்? சுராயா வந்த பிறகு அந்தத் தொல்லை விட்டது. அவள் வீட்டுக்குள் போவாள், கதவைச் சாத்திக்கொள்வாள், நாடாவை எடுப்பாள். ஆண்கள் வெளியே உட்கார்ந்து டீ குடிப்பார்கள். ஊர்ப் பெண்கள் கையைத் தூக்கித் தண்ணீர் இறைத்தால் அக்குளில் கிழியாத ஜாக்கெட் போட ஆரம்பித்தது அப்போதுதான்.

அவளுக்குப் பிடித்த வாடிக்கைக்காரி பதருன்னிசா, பள்ளிவாசல் முத்தவல்லி அப்துல் சுபஹானின் மனைவி. முத்தவல்லி என்றால் ஜமாஅத்தின் தலைவர். ஊரே அவர் இருமினால் எழுந்து நிற்கும். பதருன்னிசா மட்டும் நிற்கமாட்டாள், எழுந்திருக்க அவளுக்கு நேரமாகும். அவ்வளவு பருமன். சுராயா நாடாவைச் சுற்றும்போதெல்லாம் மூச்சை உள்ளே இழுத்துக்கொள்வாள்.

"மூச்ச வுடு பதருக்கா. அப்புறம் ஜாக்கெட்டு தைச்சு வந்தா நீ மூச்சே வுட முடியாது."

"அளவு ஏறிப்போச்சுன்னு மட்டும் சொல்லாத. போன தடவ துணி சுருங்கிப்போச்சுன்னு சொல்லு."

இப்படியே நாள் ஓடியது. ஊர் தன்னை ஏற்றுக்கொண்டுவிட்டது என்றுதான் சுராயா நினைத்துக்கொண்டிருந்தாள். அவள் அம்மா இறந்த அன்றைக்குத்தான் அது அப்படி இல்லை என்று தெரிந்தது. பெண் மையித்தை, அதாவது இறந்தவளின் உடலை, பெண்கள்தான் குளிப்பாட்டுவார்கள். திரை கட்டினார்கள். பெண்கள் உள்ளே போனார்கள். சுராயா திரைக்கு வெளியே நிறுத்தப்பட்டாள். சரி, ஆண்களோடாவது நிற்கலாம் என்று போனால், உடலைத் தூக்கிப்போகும் சந்தூக்குக்குத் தோள் கொடுக்க அவர்களும் இடம் விடவில்லை. பெற்ற தாயின் ஜனாஸாவுக்குப் பின்னால், கூட்டத்துக்கும் சேராமல் தெருவுக்கும் சேராமல் அவள் தனியாக நடந்து போனாள். தனக்கு வரும்போது எந்தப் பக்கம் என்ற கேள்வி அன்றைக்குப் புகுந்ததுதான். அதற்குப் பதில் தேடித்தான் செங்கல்பட்டுக்குப் பஸ் ஏறினாள்.

முனீர் கொண்டுவந்த செய்தியால் அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்ததும் ஜமாஅத் கூடியது. மழையில் ஒழுகும் பள்ளிவாசல் கூரையைப் பற்றிப் பேசக் கூப்பிட்டால் நாலு பேர் வருவார்கள். அன்று உட்கார இடமில்லை.

"இதுல பேசறதுக்கு இன்னா கீது? ஆம்பளை. சுன்னத் விருந்துல எங்க அத்தா பிரியாணி துன்னிருக்காரு," என்று ஆரம்பித்தான் முனீர். சாட்சி பலமானது. பலர் தலையாட்டினார்கள்.

"அப்ப ஆம்பளைங்க குளிப்பாட்டணும். யாரு குளிப்பாட்டப் போறது? நீ வரியா?" என்று கேட்டார் முத்தவல்லி.

தான் வயதில் சின்னவன் என்று அப்போதுதான் முனீருக்கு நினைவு வந்தது. அவனை விடச் சின்னவர்களும் பெரியவர்களும் அதேபோல் ஏதேதோ நினைவுக்கு வந்து தரையைப் பார்த்தார்கள். அப்படியென்றால் பெண் என்று வைத்துக்கொள்ளலாமா என்று ஒருவர் கேட்டார். பிள்ளை பெற்றால்தான் பெண் என்றார் மரக்கடைக்காரர். அவருடைய சொந்த மகள் கல்யாணமாகிப் பல வருஷமாகப் பிள்ளைக்காக ஏங்கிக்கொண்டிருந்தாள். பக்கத்திலிருந்த மருமகன் மெதுவாக அவரைத் திரும்பிப் பார்த்தான். அவர் தொப்பியைக் கழற்றித் தட்டிவிட்டுத் திரும்பப் போட்டுக்கொண்டார். அதற்குப் பிறகு வேறு யாரும் பெண் என்றால் யார் என்று சொல்ல முன்வரவில்லை. எல்லாருக்கும் வீட்டில் மனைவியோ அக்காவோ மகளோ இருந்தார்கள், எதைச் சொன்னாலும் ஒருத்தி வெளியே போய்விடும் அபாயம் இருந்தது.

கடைசியில் சுராயாவையே கூப்பிட்டுவிட்டார்கள். முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு பள்ளிவாசல் கேட்டுக்கு வெளியே நின்றாள். முந்தின நாள் முழுக்க மெஷின் மிதித்துக்கொண்டே யோசித்து வைத்திருந்ததைச் சொன்னாள்.

"ஆம்பளைன்னே முடிவு பண்ணுங்க பாய். நான் ஒண்ணும் எதிர்த்துப் பேச மாட்டேன். ஒரே ஒரு விசயத்த மட்டும் நீங்களே சொல்லிடுங்க. இங்க உக்காந்துகினு கீற அத்தினி பேர் வூட்லயும் நான் கதவ சாத்திகினு அளவு எடுத்திருக்கேன். நான் ஆம்பளைன்னா அதெல்லாம் ஆம்பளை எடுத்த அளவு. அதுக்கு இன்னா பண்ணப் போறீங்க?"

தண்ணீர்த் தொட்டியான ஹவுஸில் தொழுகைக்காகக் கைகால் கழுவி ஒளூச் செய்துகொண்டிருந்த ஒருவர் தண்ணீர் கொப்பளித்த சத்தம் கேட்டது. முனீரின் மனைவிக்குக் கல்யாண ஜாக்கெட்டுகள் அத்தனையும் தைத்தது சுராயாதான், அளவு எடுக்கும்போது வாசலில் காவல் உட்கார்ந்திருந்தவன் முனீர்தான். அவன் மின்விசிறியை அண்ணாந்து பார்த்தான். கரண்ட் இல்லாததால் அது ஓடவில்லை. இருந்தாலும் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"ஹஜ்ரத் கிதாபு பாத்துச் சொல்லட்டும்," என்று முத்தவல்லி எழுந்தார். அவ்வளவு வேகமாக ஒரு ஜமாஅத் கலைந்து ஊரில் யாரும் பார்த்ததில்லை.

பள்ளிவாசலில் தொழுகை நடத்தும் ஹஜ்ரத் சாதுவானவர். யாருக்கும் மனம் நோகக் கூடாது என்று நினைப்பவர். பெரிய ஆலிம்களிடம் போய்க் கேட்டு வந்து, அடுத்த மாதம் சொன்னார்: இன்னதென்று முடிவாகாத இடத்தில் தண்ணீரே ஊற்றாமல், கையில் துணி சுற்றிக்கொண்டு மண்ணைத் தொட்டுத் தயம்மும் செய்து அடக்கிவிடலாம் என்று ஒரு சொல் இருக்கிறதாம். சொல்லும்போது அவர் சுராயாவின் முகத்தைப் பார்க்கவில்லை. ஜமாஅத்துக்கு நிம்மதி. யாரும் தொட வேண்டாம், யாரும் எதையும் ஒப்புக்கொள்ளவும் வேண்டாம். முனீர் எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்தான்.

சுராயா வீட்டுக்கு வந்து மெஷின் முன்னால் உட்கார்ந்தாள். ஊசியில் நூல் கோக்கப் பார்த்தாள், முடியவில்லை. பாலைவனத்தில் போகிறவனுக்குத் தண்ணீர் கிடைக்காவிட்டால் செய்வது தயம்மும். பின்னால் கிணறு இருக்கிறது, முன்னால் கடல் இருக்கிறது. தனக்கு மட்டும் ஒரு குடம் தண்ணீர் இல்லையா என்று நினைத்தபோது அழுகை வந்தது, அழுதாள். சாவுக்கு அவள் பயப்படவில்லை. ஒரு மனுஷியின் கைகூட மேலே படாமல் போவதற்குத்தான் பயந்தாள்.

மாதா கோயிலுக்குப் போகும் பக்கத்து வீட்டு ஜெசிந்தா மீன்குழம்போடு வந்து ஆறுதல் சொன்னாள். "பேசாம எங்க பக்கம் வந்துடு. எங்கள்ல உயிரோட கீறப்பவே தலைல தண்ணி ஊத்திடுவாங்க. அப்புறம் இந்த ரோதனையே கெடையாது." சுராயாவுக்கு அழுகையோடு சிரிப்பும் வந்துவிட்டது.

இரண்டு நாள் கழித்து ராபியா வந்தாள். ஊரில் பெண் மையித்துகளைக் குளிப்பாட்டுகிறவள் அவள்தான். முதுகு கூனிவிட்டது, வாய் மட்டும் நிமிர்ந்தே இருந்தது. வந்ததும் ஒரு பழைய ஜாக்கெட்டை மெஷின்மேல் போட்டாள்.

"இடுப்ப புடிச்சுக் குடு. அத்தினி ஆம்பளைங்க உக்காந்து பேசினானுங்களே, எவனாவது என்ன ஒரு வார்த்த கேட்டானா? தண்ணி ஊத்தறது அவனுங்களா, நானா?"

"நீ ஊத்துவியாக்கா?" என்று கேட்டாள் சுராயா.

ராபியா வெற்றிலையைக் கன்னத்தின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் ஒதுக்கினாள். "ஊத்தறது பெரிசில்லடி. குளிப்பாட்டி, துணி சுத்தி, எல்லாம் பண்ணி வெக்கறேன். அப்பால முத்தவல்லி சந்தூக்கு குடுக்கமாட்டேன்னு சொல்லிட்டா? உன்ன நான் என் முதுகுல போட்டுகினா கபர்ஸ்தானுக்குத் தூக்கிகினு போவேன்? என் முதுகப் பாரு."

அது நியாயமான பேச்சு. சந்தூக் முத்தவல்லி பொறுப்பில் இருந்தது, அடக்கம் செய்யும் கபர்ஸ்தானின் சாவியும் அவரிடம் இருந்தது. சுராயா ஜாக்கெட்டைப் பிரித்து இடுப்பைப் பிடித்துக் கொடுத்தாள்.

அந்தக் குளிர்காலத்தில் பதருன்னிசா இளைக்க ஆரம்பித்தாள். முதலில் அவளுக்கு அதில் சந்தோஷம்தான். பிறகு செங்கல்பட்டுப் பெரிய ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். திரும்பக் கொண்டுவந்தபோது டாக்டர் முத்தவல்லியிடம் சொன்னதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. பதருன்னிசாவுக்குச் சொல்லாமலே தெரிந்திருந்தது. சுராயாவைக் கூப்பிட்டனுப்பினாள்.

"அளவு எடு. பாத்தியா, கடசில கொறஞ்சிட்டேன். நல்லா எல்லார்கிட்டயும் சொல்லு. எவளும் நம்பமாட்டாளுங்க."

சுராயா நாடாவைச் சுற்றினாள். இப்போது பதருன்னிசா மூச்சை இழுத்துப் பிடிக்கவில்லை. நாடா பாதிக்குமேல் மீந்து தொங்கியது. சுராயா அளவைச் சொல்லாமல் நாடாவைக் கையில் சுருட்டிக்கொண்டாள். கதவருகே நின்ற கணவனைப் பதருன்னிசா பேர் சொல்லிக் கூப்பிடாமல், எப்போதும்போல் "இத பாருங்க" என்று கூப்பிட்டாள்.

"ராபியாக்கா எனக்குத் தண்ணி ஊத்தறப்ப இவளும் கூட இருக்கணும். என் ஒடம்பு இவளுக்குத் தெரியும். புதுசா எவ கையும் எனக்கு வேணாம்."

"அதெல்லாம் இப்ப இன்னாத்துக்கு," என்று முத்தவல்லி வெளியே போய்விட்டார். சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. ஜமாஅத்தில் பேசிப் பேசிப் பழகிய மனிதருக்கு அது ஒரு வசதி.

தை மாதம் ஒரு விடிகாலையில் பதருன்னிசா போய்விட்டாள். தெரு நிறைய ஆட்கள். முற்றத்தில் திரை கட்டியாயிற்று. அண்டாவில் இலந்தை இலை போட்டுத் தண்ணீர் இளஞ்சூடாகக் காய்ந்துகொண்டிருந்தது. ராபியா இரண்டு பெண்களோடு உள்ளே போனாள். பெண்கள் கூட்டத்தோடு வந்த சுராயா திரை வரைக்கும் வந்து நின்றுவிட்டாள். எத்தனையோ தடவை இந்த வீட்டுக்குள் கேட்காமல் போனவள்தான். இன்றைக்கு ஒருவர் தடுத்தால் போதும், அவளுடைய சாவுக்கும் அதுவே தீர்ப்பு என்று அவளுக்குத் தெரியும்.

திரைக்கு இந்தப் பக்கம் ஒரு நாற்காலியில் அப்துல் சுபஹான் உட்கார்ந்திருந்தார். அவர் உள்ளே போகக் கூடாது. அந்த ஊர் வழக்கத்தில், உயிர் போன பிறகு கட்டிய புருஷனும் மனைவியைக் குளிப்பாட்டும் இடத்துக்கு வெளி ஆண்தான். முகச்சவரம் செய்யாத மோவாயைத் தடவிக்கொண்டே அவர் அந்தத் துணித் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாய், அத பத்தி ஜமாஅத்துல இன்னும் முடிவாவல. இது நிக்கறது..." என்று முனீர் குனிந்து அவர் காதோரம் சொன்னான். மெதுவாகத்தான் சொன்னான். ஆனால் எல்லாருக்கும் கேட்டது.

முத்தவல்லி எழுந்தார். அவர் எழுந்ததைப் பார்த்து உட்கார்ந்திருந்த ஆண்கள் எல்லாரும் எழுந்தார்கள். சுராயாவின் கை தானாகக் கழுத்து நாடாவைப் பிடித்துக்கொண்டது.

"இத்தினி வருசமா என் பொண்டாட்டி கதவ சாத்திகினு இவகிட்ட அளவு குடுத்தா," என்றார் முத்தவல்லி. கூட்டத்தின் கடைசி ஆளுக்கும் கேட்கும்படி பேசினார். "நான் வெளிய உக்காந்து டீ குடிச்சுகினு இருந்தேன். நீயும்தான் உன் வூட்டு வாசல்ல உக்காந்திருந்தே. அன்னிக்கி நமக்கு ஒரு சந்தேகமும் வரல முனீரு. துணி நல்லா வந்தா போதும்னு இருந்தோம். இன்னிக்கி மட்டும் இன்னாத்துக்கு சந்தேகம்?"

முத்தவல்லி தானே கை நீட்டித் திரையின் ஓரத்தை விலக்கிப் பிடித்தார். உள்ளே பார்க்காமல் முகத்தைத் தெருப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

"உள்ள போம்மா. அவ காத்துகினு கீறா."

சுராயா உள்ளே போனாள். பின்னால் திரை விழுந்தது. பலகையில், வெள்ளைப் போர்வைக்கு அடியில், அவள் அங்குலம் அங்குலமாக அறிந்த உடம்பு கிடந்தது. ராபியா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. செம்பில் தண்ணீரை மொண்டு அவள் பக்கம் நீட்டினாள். சுராயா அழுதுகொண்டே செம்பை வாங்கினாள்.

"அழுவறத அப்பால வெச்சுக்கோ," என்றாள் ராபியா. "இடது கையால கழுத்த தாங்கிப் புடி. காதுல தண்ணி பூந்துடாம பாத்துக்கோ. ம்... இப்ப மெதுவா ஊத்து. நாளைக்கி உனக்கும் நாங்க இப்படித்தான் ஊத்துவோம்."